சிரிப்பு என்று பெயர் பெற்ற பிள்ளை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் மத்தியில் இரண்டு வகையான வெட்கத்தை நாம் காண்கிறோம். ஒன்று, சிரிப்பதற்கு வெட்கம். பிள்ளைகள் கூடி விளையாடிச் சிரித்தால், "இப்ப என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். காணி போய், மாடு கன்று போய், உறவுகளும் போயிருக்கும்போது சிரிப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம்போல மனத்தைக் குத்துகிறது. மற்றது, சந்தேகப்பட்டதைச் சொல்ல வெட்கம். பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்தபடி "கடவுளுக்குக் கண்ணில்லையோ" என்று கேட்டவர்கள் எம்மில் எத்தனையோ பேர். ஆனால் கோயிலுக்கு வந்ததும் அந்தக் கேள்வியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டே உள்ளே போகிறோம். ஐயரிடமோ, பங்குத் தந்தையிடமோ, ஏன், வீட்டில் உள்ளவர்களிடமோகூட அதைச் சொல்வதில்லை.

இந்த இரண்டு வெட்கங்களையும் ஒருங்கே அறிந்திருந்த ஒரு குடும்பத்தின் கதை வேதாகமத்தின் முதற் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள். ஆடு மாடு வளர்த்துக் கிணறு வெட்டிப் பிழைத்தவர்கள். அவர்களுடைய கதையைப் புதிதாக ஒருமுறை பார்ப்போம்.

கூடாரத்துக்குள் எழுந்த சிரிப்பு

ஆபிரகாமும் சாராளும் கல்தேயர் நாட்டிலே 'ஊர்' என்ற பெயருடைய பட்டணத்திலிருந்து புறப்பட்டவர்கள். இடையில் ஆரானில் தங்கினார்கள். அங்கிருந்து கானான் தேசத்துக்குக் கிளம்பியபோது ஆபிரகாமுக்கு வயது 75. நாடு தருவேன், சந்ததி தருவேன் என்பது கடவுள் கொடுத்த வாக்கு. போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்ததோ பஞ்சம். மீண்டும் மூட்டை கட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார்கள். திரும்பி வந்த பிறகும் நிலையான வீடு இல்லை. கூடாரம் அடிப்பதும் பிடுங்குவதுமாகவே காலம் போயிற்று. பிள்ளையும் இல்லை.

இப்படி 24 ஆண்டுகள் கழிந்தன. ஆபிரகாமுக்கு 99 வயதானபோது கடவுள் அதே வாக்கைத் திரும்பச் சொன்னார். அப்போது அந்த விசுவாசத்தின் தந்தை என்ன செய்தார் தெரியுமா? முகங்குப்புற விழுந்து சிரித்தார். நூறு வயதுக் கிழவனுக்கும் தொண்ணூறு வயதுக் கிழவிக்கும் பிள்ளையா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார். ஆதியாகமம் 17ஆம் அதிகாரம் இதை ஒளிக்காமல் சொல்கிறது. கத்தோலிக்க வாசகர்கள் இதைத் தொடக்க நூல் என்று அறிவார்கள்.

அடுத்த அதிகாரத்தில், நல்ல வெயில் நேரத்தில், மம்ரேயின் மரங்களின் கீழ் அடித்திருந்த கூடாரத்துக்கு மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள். இருப்பதைக் கொண்டு அவர்களுக்குச் சமைக்கிறார்கள். சாராள் மாப்பிசைந்து அப்பம் சுடுகிறாள். பிறகு கூடார வாசலுக்குப் பின்னால் நின்று பேச்சைக் கேட்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு ஒரு மகன் இருப்பான் என்கிறார் விருந்தாளி. சாராளும் தனக்குள் சிரிக்கிறாள்.

அது சந்தோஷச் சிரிப்பு அல்ல. ஏமாந்து ஏமாந்து காய்ந்துபோன நெஞ்சிலிருந்து வரும் வறட்டுச் சிரிப்பு. எமக்கு இந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். அடுத்த மாதம் காணி விடுவார்கள், இந்த வருடம் வீட்டுத்திட்டம் வரும், பதிவு எடுத்துப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாராவது சொல்லும்போது, எமது வயதானவர்களின் உதட்டோரம் வந்து போகிறதே, அதுதான் சாராளின் சிரிப்பு.

மறைத்த சிரிப்பும் பெயரான சிரிப்பும்

சாராள் ஏன் சிரித்தாள் என்று கடவுள் கேட்கிறார். தம்மால் ஆகாத காரியம் உண்டோ என்றும் கேட்கிறார். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தான் சிரிக்கவில்லை என்று மறுத்துவிடுகிறாள். இல்லை, நீ சிரித்தாய் என்று அவர் சொல்கிறார். பேச்சு அதோடு முடிகிறது. தண்டனை இல்லை. வாக்கை மீளப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. அவளுடைய சந்தேகம் தமக்குத் தெரியும் என்பதை மட்டும் அவளுக்குத் தெரியப்படுத்துகிறார்.

அடுத்த ஆண்டு பிள்ளை பிறந்தது. அப்போது ஆபிரகாமுக்கு வயது 100. பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயரிட்டார்கள். எபிரெய மொழியில் அந்தப் பெயருக்கு 'அவன் சிரிக்கிறான்' என்பது பொருள். இந்தப் பெயரை முன்னரே தெரிவு செய்தவர் கடவுள். ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்த அதே வேளையில்தான் அவர் அந்தப் பெயரைச் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் எதைச் சொல்ல வெட்கப்பட்டார்களோ அதையே பிள்ளையின் பெயராக்கிவிட்டார். அன்று முதல் அந்தத் தாய் "ஈசாக்கு" என்று மகனைச் சாப்பிடக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், தான் நம்பாமல் சிரித்ததும், பின்பு மனம் நிறைந்து சிரித்ததும் ஒரே சொல்லில் அவளுடைய வாயில் வந்திருக்கும். கடவுள் தனக்குச் சிரிப்பை உண்டாக்கினார் என்றும், கேட்கிற எல்லாரும் தன்னோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்றும் சாராள் சொன்னதாக 21ஆம் அதிகாரம் கூறுகிறது.

இதிலிருந்து நாம் ஒன்றைத் தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம். கடவுள் கொடுக்கிற மகிழ்ச்சி, ஒருபோதும் சந்தேகப்படாதவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்த பங்கு அல்ல. சந்தேகப்பட்டவர்கள் தமது சந்தேகத்தோடு அவருக்கு முன்னால் நின்றபோதுதான் இந்தக் குடும்பத்தில் சிரிப்பு பிறந்தது. சங்கீதப் புத்தகத்தைப் பாருங்கள். அதில் உள்ள 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுகள். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். தொடக்கத்தில் 'எவ்வளவு காலம்' என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. முடிவில் அதே வாய் பாடுகிறது. கேள்வியை விழுங்கிக்கொண்டவனுக்கு அந்தப் பாட்டு வந்திராது.

அந்த வீட்டின் மறுபக்கம்

இந்தக் கதையை இத்தோடு முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் வேதாகமம் முடிக்கவில்லை. நாமும் முடிக்கக்கூடாது.

சாராளின் வீட்டிலே ஆகார் என்ற எகிப்தியப் பணிப்பெண் இருந்தாள். அவளுக்கு ஆபிரகாமால் பிறந்தவன் இஸ்மவேல். ஈசாக்குக்குப் பால் மறந்த நாளில் பெரிய விருந்து நடந்தது. அன்று இஸ்மவேல் சிரித்ததைச் சாராள் கண்டாள். ஈசாக்கின் பெயரில் உள்ள அதே சொல்தான் மூலமொழியில் இங்கும் வருகிறது. அது விளையாட்டுச் சிரிப்போ, பரிகாசமோ என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். சாராளுக்கு அது பொறுக்கவில்லை. தாயும் மகனும் வெளியேற்றப்பட்டார்கள். கொஞ்சம் அப்பமும் ஒரு தோல்பையில் தண்ணீரும் மட்டுமே அவர்களிடம் இருந்தன. பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் முடிந்தது. பிள்ளையை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மாட்டாமல், அம்பு பாயும் தூரத்தில் போயிருந்து அழுதாள் அந்தத் தாய். கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்டார். அவளுடைய கண்களைத் திறந்தார். அங்கே ஒரு கிணறு தெரிந்தது. இஸ்மவேல் என்ற பெயருக்கு 'கடவுள் கேட்கிறார்' என்பது பொருள்.

எல்லாரும் தன்னோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்று சொன்ன பெண்ணே, தன் வீட்டில் இருந்த இன்னொரு தாயை அழவைத்தாள். கடவுளோ அந்தத் தாயின் பக்கமும் நின்றார். ஹாஜர் அம்மையார் தண்ணீர் தேடி ஓடியதை இஸ்லாமிய மக்கள் ஹஜ் யாத்திரையில் இன்றும் நினைவுகூருகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள்தான். ஆகையால் எமது மகிழ்ச்சியை அளக்க ஒரு கோல் உண்டு: எமது வீட்டில் சிரிப்புக் கேட்கும்போது வேலிக்கு அப்பால் யாராவது அழுகிறார்களா? அழுதால் அது இன்னும் முழுமையான சிரிப்பு ஆகவில்லை.

தூர்ந்த கிணறுகள்

'சிரிப்பு' என்று பெயர் பெற்ற பிள்ளை வளர்ந்து என்ன ஆனான்? கமக்காரன் ஆனான். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற மூன்று தலைமுறைத் தலைவர்களுள் நிலத்தில் விதைத்து அறுத்தான் என்று ஆதியாகமம் வெளிப்படையாகச் சொல்வது ஈசாக்கைப் பற்றியே.

26ஆம் அதிகாரத்தில் அந்த விபரம் இருக்கிறது. மறுபடியும் பஞ்சம். ஈசாக்கு பெலிஸ்தரின் ஊராகிய கேராருக்கு இடம்பெயர்ந்து, அந்நிய மண்ணில் விதைக்கிறான். அந்த ஆண்டு நூறு மடங்கு விளைகிறது. ஊராருக்கு எரிச்சல் வந்தது. ஆபிரகாம் காலத்தில் வெட்டிய கிணறுகளை எல்லாம் அவர்கள் மண் போட்டுத் தூர்த்தார்கள். ஊரைவிட்டுப் போய்விடு என்று அரசன் அபிமெலேக்கு சொன்னான்.

ஈசாக்கு சண்டைக்குப் போகவில்லை. கேராரின் பள்ளத்தாக்குக்குப் போய், தகப்பனுடைய கிணறுகளைத் திரும்பத் தோண்டினான். தகப்பன் இட்ட பழைய பெயர்களையே அவற்றுக்கு இட்டான். புதிதாக ஒன்று வெட்டியபோது, தண்ணீர் எங்களுடையது என்று அவ்வூர் மேய்ப்பர் வாக்குவாதம் செய்தனர். அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயர் வைத்துவிட்டு அப்பால் போனான். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. அதற்குச் சித்னா, அதாவது பகை, என்று பெயர் வைத்தான். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு ரெகொபோத், இடம் உண்டாயிற்று, என்று பெயரிட்டான்.

கிணறு வெட்டியவர்களுக்குத்தான் இதன் கனம் விளங்கும். பெயெர்செபாப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 8 அங்குலம், அதாவது 200 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் அது 50 அங்குலம் அளவில் இருக்கும். அத்தகைய வறண்ட தரையில், கையால் தோண்டிக் கண்ட தண்ணீரை விட்டுவிட்டு இன்னொரு தடவை மண்வெட்டியைத் தூக்குவதென்றால் எத்தனை மனவேதனை! வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறி, 1995 ஒக்டோபர் 30இல் தென்மராட்சிக்கும் பின்பு வன்னிக்குமாக நகர்ந்து, போன இடமெல்லாம் கிணறு வெட்டி, வாழை வைத்து, மிளகாய் நட்டு, காய்க்கும் முன்னே விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களுக்கு ஏசேக்கும் சித்னாவும் புதிய பெயர்கள் அல்ல.

இதற்குப் பிறகு ஈசாக்கு பெயெர்செபாவுக்குப் போகிறான். பயப்படாதே என்று இராத்திரியில் கடவுள் அவனுக்குச் சொல்கிறார். அங்கே அவன் பலிபீடம் கட்டுகிறான், கூடாரம் போடுகிறான், வேலைக்காரர் கிணறு தோண்டத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் அவனைத் துரத்திய அபிமெலேக்கே சமாதானம் பேச வருகிறான். என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு ஏன் வந்தீர்கள் என்று ஈசாக்கு நேரடியாகக் கேட்கிறான். நடந்ததை அவன் மூடி மறைக்கவில்லை. கேட்ட பின்பு அவர்களுக்கு விருந்து வைக்கிறான். ஆணையிட்டுச் சமாதானமாகப் பிரிந்த அதே நாளில், தண்ணீர் கண்டோம் என்று வேலைக்காரர் ஓடி வருகிறார்கள். 'சிரிப்பு' என்ற பெயர் அவனுக்கு அன்று உண்மையிலேயே பொருந்தியது.

ஆனாலும் வாக்களிக்கப்பட்ட நாடு முழுவதும் அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை. ஆபிரகாம் கானானில் விலைகொடுத்து உறுதியாக்கிய நிலம் மக்பேலாக் குகையும் அதைச் சேர்ந்த வயலும்தான். 127 வயதில் இறந்த சாராளை அடக்கம் பண்ணுவதற்காக 400 வெள்ளிக்கு வாங்கியது அது. வாக்கின் முழுமையைக் காணாமலே அவள் கண் மூடினாள். ஆனால் சிரித்துவிட்டுத்தான் மூடினாள்.

திரும்பி வந்தோரின் பாட்டு

பல நூற்றாண்டுகளின் பின் இந்தச் சந்ததியே மொத்தமாக இடம்பெயர நேர்ந்தது. கி.மு. 587 அளவில் எருசலேம் அழிக்கப்பட்டு, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். கி.மு. 538இல் பாரசீக அரசன் கோரேசு ஊர் திரும்ப அனுமதித்தான். ஏறக்குறைய 50 ஆண்டுகள். போகும்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் திரும்பும்போது பேரப்பிள்ளை கண்டிருந்தார்கள்.

சங்கீதம் 126 (திருப்பாடல் 126) அந்தத் திரும்புதலைப் பாடுகிறது என்பது மரபு. கனவு காண்பவர்கள் போல இருந்தோம், வாயெல்லாம் சிரிப்பாய் இருந்தது என்ற கருத்தோடு தொடங்குகிறது. ஆனால் பாட்டின் பின்பாதி ஒரு மன்றாட்டு. தெற்கத்தி வறண்ட ஆறுகளில் வெள்ளம் வருவதுபோல எங்கள் வாழ்வைத் திருப்பும் என்று கேட்கிறார்கள். அந்தப் பகுதியின் ஆறுகள் கோடையில் வெறும் மணல். மாரி மழை பெய்ததும் சில மணி நேரத்தில் கரை புரளும். எமது பாலியாற்றையும் பறங்கியாற்றையும் ஆவணியில் பார்த்துவிட்டுக் கார்த்திகையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே சிரித்தவர்களே மீண்டும் மன்றாடுகிறார்கள். ஏன்? ஊர் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கி.மு. 520இல் பேசிய ஆகாய் தீர்க்கதரிசி, மக்கள் அதிகம் விதைத்துக் கொஞ்சமே அறுத்ததைச் சொல்கிறார். எஸ்றாவின் புத்தகம் இன்னொன்றைச் சொல்கிறது. புதிய ஆலயத்துக்கு அத்திவாரம் இட்ட நாளில், பழைய ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள். இளையவர்கள் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லையாம். ஊர் திரும்பிய நாளில் இடிந்த வீட்டின் முற்றத்தில் நின்ற எமது குடும்பங்களிலும் இதே இரண்டு சத்தமும் ஒன்றாகத்தானே எழுந்தன.

அந்தச் சங்கீதத்தின் முடிவில், அழுதுகொண்டே விதைக்கப் போனவன் கதிர்க்கட்டோடு சிரித்துக்கொண்டு வருகிறான். விதைக்கும்போது ஏன் அழுகை? பஞ்ச காலத்தில் விதைநெல்லும் உணவுதான். அதைக் குற்றிக் காய்ச்சினால் இன்று பிள்ளைகளின் பசி ஆறும். மாசியில் அறுக்க ஒன்றும் இராது. பிள்ளைகள் பார்த்திருக்க அதை மண்ணில் எறிகிறவனுக்கு நெஞ்சு பதறாதா? நம்பிக்கை என்பது இதுதான். கண்ணீர் காயும்வரை காத்திராமல், கண்ணீரோடேயே காலபோகத்துக்கு விதைப்பது.

எமது வீடுகளில்

மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. பலர் காணிக்குத் திரும்பிவிட்டனர். தமது காணியை இன்னும் மிதிக்காதவர்களும் இருக்கிறார்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்வது விசுவாசம் அல்ல, கொடுமை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் கடவுளின் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிரிப்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. சாராளுக்குக்கூட 25 வருடம் சென்றது.

ஆனால் சிரிப்பு வரக்கூடிய இடத்தை நாம் துப்புரவாக்கி வைக்கலாம். கிராமத்தில் தூர்ந்து கிடக்கும் ஒரு கிணற்றை நாலு வீட்டார் சேர்ந்து இறைத்துச் சேறு அள்ளலாம். சேறு அள்ளும்போது ஒருவர் வழுக்கி விழ, மற்றவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா? விழுந்தவரும் சிரிப்பார். செபக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, கடவுளிடம் கேட்க நினைத்ததை யாரும் கண்டிக்காமல் கேட்கவிடலாம். பிள்ளைகள் சிரிக்கும்போது அதட்டாமல், பக்கத்தில் போய் இருக்கலாம். இறந்தவர்களும் எம்மோடு சிரித்து வாழ்ந்தவர்கள்தான். அவர்கள் சொன்ன பகிடிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வது, அவர்களை மறப்பது ஆகாது.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. சாராளைப்போல நாம் நம்பாமல் சிரித்த வேளை எது? அதைக் கடவுளிடம் சொன்னோமா?

2. எமது ஊரில் தூர்ந்த கிணறு எது? தூர்ந்த உறவு எது? எதை முதலில் தோண்டலாம்?

3. எமது மகிழ்ச்சியின் வேலிக்கு அப்பால் நிற்கும் ஆகார் யார்?

4. இந்தப் போகத்தில், கண்ணீரோடென்றாலும், நாம் விதைக்கக்கூடியது என்ன?